டேப்பட்டா, டைமிங் செயினா?

வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்று முதலில் சொன்னது என் மனைவி. நான் தெருமுனை திரும்பும்போதே அவளுக்குக் கேட்டுவிடுமாம். "எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே" என்று மூன்று மாதம் ஓட்டினேன்.

1999-ல் ஆபீஸ் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டு வாங்கிய ஸ்ப்ளெண்டர் அது. மகளைப் பள்ளிக்கும், பிறகு கல்லூரி பஸ்ஸுக்கும் கொண்டு விட்ட வண்டி. "வித்துடுங்கப்பா" என்று அவள் போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவேன்.

கடைசியில் பக்கத்துத் தெரு மெக்கானிக் பையனிடம் காட்டினேன். "டேப்பட் சத்தம் சார்" என்று டைட் வைத்துக் கொடுத்தான். சத்தம் கொஞ்சம் குறைந்ததாக மனைவியும் சொன்னாள். ஆனால் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால், மறுபடி ஸ்டார்ட் ஆக ஏழெட்டு உதை கேட்டது.

பிறகுதான் எங்கள் பழைய மெக்கானிக்கைத் தேடிப் போனேன். அவருக்கும் என் வயதுதான். முதலில் ஆயில் கேஜைக் கழற்றித் துடைத்து, மரை ஏற்றாமல் சும்மா உள்ளே வைத்து எடுத்துப் பார்த்தார். நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை.

"ஆயில் எப்ப சார் மாத்தினீங்க?"

என்னிடம் பதில் இல்லை.

ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். ஹெட்டின் மேல் வைத்தபோது பெரிதாக ஒன்றுமில்லை. "டேப்பட்னா இங்கதான் டிக் டிக்னு சீரா கேக்கணும் சார்." அப்புறம் இடது பக்கம் பிளாக்கில் வைத்தார். தகர டப்பாவில் சங்கிலியைப் போட்டுக் குலுக்கியது போல ஒரே சலசலப்பு!

இடது பக்க வட்ட மூடியைக் கழற்றி, மேக்னட்டைக் கையால் முன்னும் பின்னும் லேசாக அசைத்தார். மேலே இருந்த பல்சக்கரம் உடனே அசையவில்லை. டைமிங் செயின் அவ்வளவு தொய்ந்திருந்தது. இன்னும் ஓட்டியிருந்தால் ஒரு பல் தாவி, வால்வு திறக்கும் நேரமே மாறியிருக்கும் என்றார். டேப்பட்டை அளவுக்கு மீறி இறுக்கியதால், சூடேறியதும் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் போயிருக்கிறது. அதுதான் அந்த ஏழெட்டு உதை. அப்படியே விட்டிருந்தால் வால்வும் கருகியிருக்குமாம்.

செயின், பல்சக்கரம், ரப்பர் ரோலர்கள் எல்லாம் புதிது போட்டார். மேக்னட்டின் 'டி' குறியையும் மேல் சக்கரத்தின் 'ஓ' குறியையும் நேர்பார்த்து மாட்டி, டேப்பட்டைத் திரும்ப அளவு வைத்தார்.

கிளம்பும்போது சொன்னார்: "ஸ்க்ரூடிரைவரே வேணாம் சார். நீங்க ரோட்ல வரும்போதே எனக்குக் கேட்டுச்சு."

வீட்டில் வந்து இதைச் சொன்னேன். "டிவியை ஏன் இவ்வளவு சத்தமா வைக்கிறீங்கன்னு நான் ஒரு வருஷமா கேக்கறேன்" என்றாள் மனைவி.

வரும் திங்கட்கிழமைக்குக் காது டாக்டரிடம் டோக்கன் வாங்கியிருக்கிறேன்.