பழைய படிமம், புதிய வேடம்

வெறுப்பு எப்போதும் வசைமொழியாகவே வெளிப்படும் என்பதில்லை. சில வேளைகளில் அது புகழுரையாகவும் விலைபோகும். ஐக்கிய அமெரிக்காவின் திரைப்பட வரலாறு இதற்குச் சான்று.

1915இல் டி. டபிள்யூ. கிரிஃபித் உருவாக்கிய 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்னும் மௌனப்படத்தில், கரி பூசிய வெள்ளை நடிகர் ஒருவர் வெள்ளைப் பெண்ணைத் துரத்தும் கறுப்பனாகத் தோன்றினார். கூ கிளக்ஸ் கிளான் கொலைக்குழுவோ மீட்பர் கூட்டமாகச் சித்திரிக்கப்பட்டது. கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் அன்றே அதனை எதிர்த்தது. எனினும், பல தசாப்தங்களாக ஹொலிவுட் அம்மக்களுக்குப் பெரும்பாலும் வழங்கியவை பணிப்பெண், ஏவலாள், கோமாளி ஆகிய வேடங்களே.

1971இல் மெல்வின் வான் பீபிள்ஸ் பெரும் நிறுவனங்களைச் சாராது தயாரித்த 'ஸ்வீட் ஸ்வீட்பேக்' இம்மரபை உடைத்தது. கறுப்பின இளைஞன் ஒருவனை வதைத்த பொலிசாரைத் தாக்கிவிட்டு ஓடும் அதன் நாயகன், பிடிபடாது மெக்சிக்கோ எல்லையைக் கடக்கிறான். திரையில் தோற்பதற்கென்றே படைக்கப்பட்டிருந்த மக்கள் அவன் தப்பியதில் தம் விடுதலையைக் கண்டனர்.

ஆனால், வசூலைக் கண்ட நிறுவனங்கள் அப்படத்தின் அறச்சினத்தை விடுத்து, துப்பாக்கியையும் காமத்தையும் மட்டுமே கைக்கொண்டன. அதே ஆண்டில் வெளியான 'ஷாஃப்ட்' நிதி நெருக்கடியிலிருந்த எம்.ஜி.எம். நிறுவனத்துக்குக் கைகொடுத்தது. 1972இல் வார்னர் நிறுவனம் விநியோகித்த 'சூப்பர் ஃபிளை' கொக்கெயின் வணிகனை நாயகனாக்கியது. இவ்விரண்டையும் இயக்கியோர் கறுப்பினத் தந்தையும் மகனுமே என்பது நோக்கற்பாலது. இயக்குநரின் நிறம் மாறியது. சந்தையின் நியதி மாறவில்லை.

1915இல் எதிர்த்த அதே சங்கத்தின் ஹொலிவுட் கிளை 1972இல் மீண்டும் குரலெழுப்பியது. கறுப்பு, சுரண்டல் என்னும் இரு சொற்களின் புணர்ப்பான 'பிளாக்ஸ்புளொய்டேஷன்' என்ற பெயர் அக்கண்டனத்தின்போதே பரவலாயிற்று. இப்படங்களே தமக்குத் தொழில் தந்தன என்று நடிகர் பலர் வாதிட்டதும் பொய்யன்று. பசித்தவனுக்கு வேலை தருவதாலேயே சுரண்டல் நிலைபெறுகிறது.

எழுபதுகளின் பிற்பகுதியில் இலாபம் வற்ற, நிறுவனங்கள் விலகின. கலைஞர் பலர் கைவிடப்பட்டனர். எஞ்சியது ஒரு படிமம்: கறுப்பின ஆடவன் இயல்பிலேயே வன்முறையாளன், காமவெறியன் என்பது. 1915இல் அச்சமூட்டுவதற்காக வரையப்பட்ட அதே உருவம், 1972இல் கைதட்டல் பெறுவதற்காக விற்கப்பட்டது. ஓர் இனத்தைத் திரையிலே வீரனாக்குவது மட்டும் விடுதலையாகாது. அவ்வீரம் எவரது கற்பனையில் உருவாயிற்று, அதன் ஊதியம் எவரது கைக்குச் சென்றது என்பவையே கேட்கப்பட வேண்டிய வினாக்களாகும்.