பென்குயினுக்குக் காவல் நாய்!

பென்குயின் என்றதும் பனிக்கட்டிதான் நினைவுக்கு வரும், இல்லையா? ஆனால் ஆஸ்திரேலியாவின் தென்கரையில், பனியே இல்லாத இடத்தில் ஒரு பென்குயின் இனம் வாழ்கிறது. பெயரே குட்டிப் பென்குயின். பென்குயின்களிலேயே மிகச் சிறியது இதுதான். ஓர் அடிக்குச் சற்று அதிகமான உயரம், சுமார் 1 கிலோ எடை. ஒரு நாட்டுக்கோழி அளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இவ்வளவு சிறிய உயிர் எப்படித் தப்பிப் பிழைக்கிறது? முதுகு கருநீலம், வயிறு வெள்ளை. மேலே பறக்கும் கழுகுக்கு இதன் முதுகு கடலோடு கலந்து தெரியும். கீழிருந்து பார்க்கும் சீல்களுக்கு வயிறு வானத்து வெளிச்சத்தோடு கலந்துவிடும். கரையேறுவதும் பகலில் அல்ல. பொழுது சாய்ந்தபின், நாலைந்து பேர் சேரும்வரை அலையோரம் காத்திருந்து, கூட்டமாக ஓடி வளைக்குள் புகுந்துவிடும். பலே கெட்டிக்காரப் பறவைதான்!

ஆனால் இதெல்லாம் கண்ணால் பார்த்து வேட்டையாடும் எதிரிகளுக்கு எதிரான ஏற்பாடு. இரவில் மோப்பம் பிடித்து வரும் நரியிடம் இது பலிக்காது. நரி ஆஸ்திரேலியாவின் விலங்கே அல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குடியேறிகள் வேட்டையாடிப் பொழுதுபோக்க அதைக் கொண்டுவந்து விட்டார்கள். அவர்களுக்கு விளையாட்டு, பென்குயினுக்கு உயிர்!

விக்டோரியா மாநிலத்தில் வார்னம்பூல் என்ற ஊரை ஒட்டி மிடில் தீவு இருக்கிறது. தீவு என்றுதான் பெயர். கடல் உள்வாங்கும்போது நரி நடந்தே போய்விடும். ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்த பென்குயின்கள் 2005இல் பத்துக்கும் குறைவாகிவிட்டன.

அப்போது வழி சொன்னவர் விஞ்ஞானி அல்ல, ஆலன் மார்ஷ் என்ற கோழிப்பண்ணைக்காரர். அவருடைய பண்ணையில் மாரெம்மா இன நாய்கள் கோழிகளைக் காவல் காத்தன. இத்தாலியில் ஆட்டு மந்தைகளைக் காக்கும் வெள்ளை நாய்கள் இவை. கோழியைக் காக்கும் நாய் பென்குயினைக் காக்காதா என்று கேட்டார் மனிதர். 2006இல் ஆட்பால் என்ற நாய் தீவுக்குப் போனது. (2015இல் இதன் கதை சினிமாவாகவும் வந்தது.) அது அங்கே அதிக நாள் தங்கவில்லை. பின்னால் வந்த நாய்கள் பணியைத் தொடர்ந்தன. அவற்றில் இரண்டின் பெயர் யூடி, டூலா. குட்டிப் பென்குயினின் அறிவியல் பெயரான யூடிப்டுலாவை உடைத்து வைத்த பெயர்கள்!

நாய்கள் நரியோடு சண்டை போட வேண்டியதே இல்லை. நாயின் வாடையும் குரைப்பும் இருந்தால் நரி கிட்டே வருவதில்லை. பென்குயின்கள் மெல்ல மெல்ல நூற்றைத் தாண்டின.

2017இல் கடல் கொந்தளிப்பாக இருந்ததால் நாய்களைத் தீவுக்குக் கொண்டுபோக முடியவில்லை. அந்த இடைவெளியில் நரி புகுந்துவிட்டது. பசிக்கு ஒன்றிரண்டைத் தின்றுவிட்டுப் போகிற பிராணியா அது? ஓடத் தெரியாத இரையைக் கண்டால் கொன்றுகொண்டே போகும். செத்தவை சுமார் 140. பத்தாண்டு காலம் காத்து வளர்த்ததில் பெரும்பகுதி போய்விட்டது. நாய்கள் மறுபடியும் தீவுக்கு அனுப்பப்பட்டன.