பாலிசியில் ஏறாத வேகம்

தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் போகும் சாலையில் அப்பா அம்பாசடரை உருட்டிக்கொண்டுதான் போவார். காரைக்குடி, சிவகங்கை, மதுரைப் பக்கமிருந்து பழனிக்கு நடப்பவர்கள் ராத்திரியெல்லாம் சாலையோரம் வந்துகொண்டே இருப்பார்கள். பச்சை வேட்டி, தோளில் பை; செருப்பில்லாத காலில் கொப்புளத்துக்குச் சுற்றிய துணி ஹெட்லைட்டில் வெள்ளையாகத் தெரியும். அப்பா லைட்டை டிம் பண்ணுவார், ஹாரன் அடிக்க மாட்டார். "முருகனப் பாக்கப் போறவங்க முதுகுல வண்டிய விடக்கூடாதுடா" என்பார். டாக்ஸி ஓட்டிப் பிழைத்தவர். வேகமாகப் போனால் இன்னொரு சவாரி கிடைக்கும் என்று தெரிந்தும் அப்படித்தான் ஓட்டினார்.

அந்த நிதானத்தை அவருடைய இன்சூரன்ஸ் காகிதம் ஒருநாளும் கண்டுகொண்டதில்லை. இன்றைக்கும் அப்படித்தான். பேகம்பூரில் எங்கள் ஏஜென்ட் அண்ணனிடம் போன தடவை பாலிசி புதுப்பிக்கப் போனபோது, பக்கத்தில் இருந்த ஒருவர் செல்போனை நீட்டினார். "கரூர் ரோட்டுல கேமரா புடிச்சிருச்சுண்ணே, ஆயிரம் ரூவா ஃபைன். பிரீமியம் ஏறுமா?"

"ஃபைன் வேற, பாலிசி வேற தம்பி. கிளைம் வாங்காம இருந்தா போனஸ் அப்படியே நிக்கும்."

அண்ணன் சொன்னது சரிதான். கிளைம் கேட்காத முதல் வருஷம் 20 சதவீதம் தள்ளுபடி, ஐந்து வருஷத்தில் 50 சதவீதம். நம் வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 8,000 கட்ட வேண்டியவர் 4,000 கட்டினால் போதும். நின்ற இடத்தில் யாரோ பம்பரை நசுக்கிவிட, அதற்குக் கிளைம் வாங்கினாலும் மறுவருஷம் இந்தச் சலுகை பூஜ்ஜியம். வருஷம் முழுக்க 120-ல் பறந்து, அபராதத்தை மட்டும் கட்டியவருக்கோ சலுகை முழுசாக நிற்கும். அடிபடும் மூன்றாம் நபருக்கான பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 1,000 சிசிக்கு மேல் 1,500 வரையுள்ள கார்களுக்கு 2022 ஜூனில் வந்த விலை 3,416 ரூபாய். அப்பா மாதிரி ஓட்டுபவருக்கும் அதே விலை, பறப்பவருக்கும் அதே விலை.

லண்டனில் இருக்கும் சித்தி மகனிடம் இதைச் சொன்னபோது அவனால் நம்ப முடியவில்லை. அங்கே வேகத்துக்குக் குறைந்தபட்சம் 100 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 3 புள்ளி. கடந்த ஐந்து வருஷக் குற்றங்களைக் கேட்டுத்தான் கம்பெனிகள் விலை சொல்லும். "ஃபைன விட பிரீமியத்துக்குத்தான்ணே பயம்" என்றான்.

பயம் என்றதும் கோர்ட் வராந்தா நினைவுக்கு வருகிறது. உறவுக்காரர் ஒருவர் வழக்குக்காக விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய்வந்த நாட்களில், கையில் எக்ஸ்ரே கவரோடு காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் வேகமாக வண்டி ஓட்டியவர்கள் இல்லை. அப்படி அடிபட்டு இழப்பீடு கேட்டவர்களில் ஒருவர் ஒரு பெண் பல் மருத்துவர். 2013 விபத்தில் உடல் இயக்கத்தை 90 சதவீதம் இழந்தவர். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவருடைய இழப்பீட்டை 18.43 லட்சத்திலிருந்து 1.50 கோடியாக உயர்த்தியது. அதோடு விடாமல், நெடுஞ்சாலை வேக வரம்பை 120 வரை ஏற்றிய 2018-ஆம் வருஷ மத்திய அறிவிப்பையும் ரத்து செய்தது. இழப்பீட்டு வழக்கு ஒன்று வேகத்தின் வேர் வரைக்கும் போனது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் சுமார் 71 சதவீதம் அதிவேகத்தால்.

அபராதத்தையும் பிரீமியத்தையும் இணைக்கும் யோசனை நம் நாட்டிலும் வராமல் இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-ல் அமைத்த குழுவின் அறிக்கை 2021 ஜனவரியில் வெளியானது. போக்குவரத்து மீறலுக்கென்று பாலிசியில் ஐந்தாவதாக ஒரு பிரீமியம் வேண்டும் என்றார்கள். மீறலின் புள்ளிக்கு ஏற்ப அந்தத் தொகை: குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தப்பான இடத்தில் நிறுத்தினால் 10. டில்லிப் பகுதியில் முதலில் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். நம் ஊர் பாலிசிக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

இந்த யோசனையைச் சொன்னால், டிரைவர் செய்ததற்கு ஓனர் கட்டுவதா என்று ஏஜென்ட் அண்ணன் கேட்கிறார். ஆள் அடிபட்டால் ஓனரும் கம்பெனியும்தானே இன்றைக்கும் கோர்ட்டில் பதில் சொல்கிறார்கள்? அடிபடுவதற்கு முன்பே அந்தப் பொறுப்பு தொடங்கட்டும் என்கிறேன். டாக்ஸிக்காரர்களும் லாரிக்காரர்களும் நொடித்துப்போகாத அளவுக்குத் தொகை சின்னதாக இருக்கட்டும். கேமரா தப்பாகப் பிடித்தால் முறையிட வழி இருக்கட்டும். ஆனால் ஆயிரம் ரூபாய் அபராதம் கட்டிய கையோடு மறந்துபோகிறது. வருஷா வருஷம் பாலிசியில் வந்து நிற்கும் வேகத்தை அவ்வளவு சுலபமாக மறக்க முடியாது. அப்பா மாதிரி ஓட்டுகிறவர்கள் இந்தச் சாலையில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கட்டும் பணமும், பறப்பவர் கட்டும் பணமும் ஒன்றாக இருப்பது நியாயமே இல்லை.