ஆறாம் எண் தூண்டில்

அம்மா போனபிறகு அப்பா வீட்டைவிட்டு வெளியே வருவதே அரிது. ஒரு காலத்தில் பிடோக் படகுத்துறையில் விடிய விடியத் தூண்டில் போட்டவர். “ஃபிளை ஃபிஷிங் கற்றுக்கொள்ளப் போகிறேன். தூண்டில்கோல் வாங்க நீங்களும் வாங்கப்பா” என்றேன். டோபி காட் ரயில் நிலையத்தில் சந்தித்தோம்.

“முன்பு இங்கே ஓடை ஓடியது. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அதில் துணி துவைத்ததால்தான் இந்தப் பெயர்” என்றார். பல மாதங்களில் அவர் இவ்வளவு பேசியது அன்றுதான்.

கடையில் என் கண் விலை உயர்ந்த கோல்மீதே இருந்தது. “எந்த மீனுக்கு?” என்றார் கடைக்காரர். நீர்த்தேக்கத்தில் பீகாக் பாஸ் என்றேன். “அப்படியென்றால் விலையை விடுங்கள், எண்ணைப் பாருங்கள்.”

இறகும் நூலும் வைத்துக் கட்டிய செயற்கை ஈக்கு எடையே இல்லை. கனமான கயிறுதான் அதைச் சுமந்து பறக்கிறது. அதனால் கோலின் எண்ணும் கயிற்றின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். குளிர்நாட்டு ஓடைகளின் டிரவுட் மீனுக்கு 5, முரட்டுத் தோமானுக்கு 8 அல்லது அதற்கு மேல். எனக்கு 6. கோல் 9 அடி. நான்கு துண்டாகக் கழலும் என்பதால் ரயிலில் கொண்டுபோகலாம். நம் நீர்த்தேக்கங்களில் மீன்பிடிக்க அனுமதித்த இடங்களிலும் செயற்கை இரை மட்டும்தான் போடலாம். அதற்கும் இது பொருத்தம்.

மாலையில் புளோக் அருகிலுள்ள திடலில், கொக்கிக்குப் பதில் கம்பளி நூல் கட்டி வீசினேன். கயிறு என் தலையிலேயே விழுந்தது.

“அவசரப்படாதே. பின்னால் போன கயிறு நேராகட்டும், அப்புறம் முன்னால் வீசு” என்றார் அப்பா. அடுத்த வீச்சு ஒழுங்காகப் போனது. “கொடு, பார்ப்போம்” என்று கை நீட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரவு அவரே அழைத்தார்: “நாளைக்கு எத்தனை மணிக்கு?”