குதிரைவாலித் தோசை

கரிசற் காட்டிற் பிறந்த யான், இளமையில் அன்னையார் வார்த்த குதிரைவாலித் தோசையை வறுமையின் அடையாளமென நாணி, அரிசித் தோசை வேண்டி அழுததுண்டு. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அனுசரித்தபோதுதான், வெள்ளரிசியினும் நார்ச்சத்து மிக்க அத்தானியத்தின் அருமையை உணர்ந்தேன்.

சென்ற விடுமுறையில் அன்னையாரின் கைகள் தளர்ந்திருக்கக் கண்டு, யானே அடுக்களை புகுந்தேன். நான்கு பங்கு குதிரைவாலிக்கு ஒரு பங்கு உளுந்தும் சிறிது வெந்தயமும் ஊறவைத்து அரைத்து, இரவு முழுதும் புளிக்கவிட்டேன். காலையில் வார்த்த முதல் தோசை கல்லில் ஒட்டிக் கிழிந்தது.

“கல் இன்னும் காயவில்லை, ராசா, மாவை மெல்லிசாய் இழு” என்றார் அன்னையார். அவ்வண்ணமே செய்ய, அடுத்தது ஓரஞ் சிவந்து மொறுமொறுவென எழுந்தது. அதனை அவரது இலையில் இட்டேன்.

“உனக்கு அரிசித் தோசையா?” என்று நகைத்தார். யான் தலைகுனிந்தேன்.

நண்பர்காள், நம் நிலம் ஈன்ற உணவையும், அதனை ஆக்கிய கைகளையும் நாணாதிருப்போமாக.