துளையிடும் கை எங்கே நிற்க வேண்டும்?

காரின் முன்கண்ணாடியில் அரிசிமணி அளவு சில்லு பெயர்ந்தால் நம்மில் பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வாடகைக்கார் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பவருக்கு அந்தச் சிறு வடு பெருங்கவலையாகும். கண்ணாடியையே மாற்ற நேர்ந்தால் பல நாள் உழைப்பின் வருவாய் அதற்கே சென்றுவிடும்.

என் மைத்துனருக்கு அத்தகைய நிலை வந்தது. முன்னே சென்ற ஜல்லி லாரியிலிருந்து தெறித்த சிறு கல் அவரது கார்க் கண்ணாடியில் நட்சத்திர வடிவில் ஒரு வடுவை உண்டாக்கியது. ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடக்கூடிய அளவுதான். பழுதுநீக்கச் சென்ற கடையில் ஓர் இளைஞர், உச்சிவெயிலில் நின்ற வண்டியை நிழலுக்குக்கூட நகர்த்தாமல், டிரில்லை எடுத்து வடுவின் நடுவே அழுத்தினார். ரெசின் என்னும் பிசினைச் செலுத்திய சற்று நேரத்தில், துளையைச் சுற்றிப் பூவிதழ்போல ஒரு மங்கல் படர்ந்தது. மறுநாள் அதிலிருந்து ஒரு கீறல் சாண் அளவுக்கு ஓடியிருந்தது. மைத்துனர் புதுக் கண்ணாடிதான் போட்டார்.

இதற்கான காரணத்தை எனக்கு விளக்கியவர், ஒருகாலத்தில் என்னிடம் ஓதிய மாணவர். இப்போது இத்தொழிலையே செய்து வருகிறார். கலைப் பட்டதாரியான எனக்கு இயந்திர அறிவு குறைவு என்பதை அறிந்தவராதலால், கழற்றிப் போட்ட பழைய கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து வந்து அதன் ஓரத்தைக் காட்டினார். முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி அன்று. ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள இரு கண்ணாடிகளுக்கு நடுவே, முக்கால் மில்லிமீட்டர் அளவில் பிவிபி என்னும் ஒளிபுகும் பிளாஸ்டிக் ஏடு ஒட்டப்பட்டிருக்கிறது. கல் பட்டாலும் கண்ணாடி சிதறி முகத்தில் பாயாமல் காப்பது அந்த ஏடே. நடுவே ஏடு வைத்த இவ்வகைக் கண்ணாடிக்குப் பிரெஞ்சு நாட்டு வேதியியலாளர் எடுவார் பெனெடிக்டுஸ் 1909ல் காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் நடுவே இருந்தது செல்லுலாய்டு.

"ஹஜ்ரத், டிரில் முனை மேல்கண்ணாடிக்குள்ளேயே நின்றுவிட வேண்டும். நடு ஏட்டைத் தொட்டால் ரெசின் அதில் ஊறி, ஒட்டு விலகிவிடும். மச்சானின் கண்ணாடியில் பூத்தது அதுதான்" என்றார்.

பெரும்பாலான வடுக்களுக்குத் துளையே தேவையில்லை என்று அவர் சொன்னது எனக்கு வியப்பளித்தது. மெல்லிய ஊசியால் உதிரித் துகள்களை அகற்றி, கருவியால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, பிறகு ரெசினை அழுத்திச் செலுத்தினால் போதுமாம். கல் பட்ட இடம் கண்ணாடித் தூளால் அடைபட்டு ரெசின் இறங்க மறுத்தாலோ, ஒரு கீறலுக்குள் அது புகாமல் நின்றாலோதான் டிரில்லுக்கு வேலை. அப்போதும் ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள புது முனையையே பயன்படுத்துகிறார். மழுங்கிய முனை அழுத்தத்தைக் கேட்கும். அழுத்தமோ கீறலை ஓடவிடும். அவர் செய்வதை அருகிலிருந்து பார்த்தேன். முனையை நேராக நிறுத்தி, கருவியின் வேகத்தையே வேலை செய்ய விட்டு, தொட்டுத் தொட்டு எடுத்தார். ஒவ்வொரு முறையும் வெண்தூளைத் துடைத்து ஆழத்தை உற்று நோக்கினார். மேல்கண்ணாடியின் பாதித் தடிமனை எட்டுமுன்பே கையை எடுத்துவிட்டார். எழுத்துப் பயிற்சியில் இத்தனை பொறுமையை நான் அவரிடம் கண்டதில்லை!

சூடேறிய கண்ணாடியில் அவர் முனையை வைப்பதே இல்லை. வண்டியை நிழலில் நிறுத்தி, ஏசியை அணைத்து, கண்ணாடி இயல்பான சூட்டுக்கு வரும்வரை காத்திருக்கிறார். துளையிடும்போதே கீறல் நீளக்கூடும் என்பதை உரியவரிடம் முன்கூட்டிச் சொல்லி, அவர் இசைவு தந்த பின்னரே தொடங்குகிறார். பழுது நீங்கினாலும் மெல்லிய தடம் எஞ்சும் என்பதையும் மறைப்பதில்லை. ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் விழுந்த வடுவையும், உட்கண்ணாடிவரை சென்ற உடைப்பையும் அவர் ஏற்பதில்லை. கண்ணாடியை மாற்றச் சொல்லி அனுப்பிவிடுகிறார். பக்கக் கண்ணாடியைத் துளையிடச் சொல்லிச் சிலர் வருவார்களாம். அது பெரும்பாலும் வெப்பத்தால் கடினமாக்கப்பட்ட வேறு வகை. முனை பட்டதும் முழுவதும் மணிமணியாக உதிர்ந்துவிடும்.

இத்தனையையும் அவர் எங்கே பழகினார் என்று கேட்டேன். உடைந்த கண்ணாடிகளை விலைக்கு வாங்கி, மாதக்கணக்கில் அவற்றிலேயே துளையிட்டுப் பார்த்தாராம்.

வண்டி வைத்திருக்கும் குடும்பத்தினருக்கு அவர் கூறுவது எளியது. கல் பட்டவுடன் வடுவின்மேல் ஒளிபுகும் ஒட்டுநாடாவை ஒட்டி, நீரும் தூசியும் புகாமல் காக்க வேண்டும். பழுதுநீக்கும்வரை அவ்விடத்தில் தண்ணீர் பாய்ச்சிக் கழுவலாகாது. ஈரம் தங்கிய கீறலில் ரெசின் பிடிப்பதில்லை. என் மைத்துனரின் காரில் இப்போது அத்தகைய நாடாச் சுருள் ஒன்று எப்போதும் இருக்கிறது.