ஃப்ளாஷுக்கும் பொருத்தம் பாருங்க!

பெரியப்பா ஸ்டூடியோவை மூடினப்போ எனக்குக் கிடைச்ச சொத்து: ஒரு பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா, ஒரு பழைய ஃப்ளாஷ். ரெண்டும் பல வருஷ ஜோடி!

‘ஃபேர்வெல்லுக்கு அந்த ஃப்ளாஷைக் குடுடா’ன்னான் ரூம்மேட். அவன்கிட்ட இருக்கறது அவங்கப்பாவோட கேனான் இஓஎஸ் 300. முழுக்க எலெக்ட்ரானிக். நான் தயங்கினதும், ‘கஞ்சப்பய’ன்னு பட்டம் வேற.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வெச்சேன். ஃப்ளாஷில் ரெடி லைட் எரிஞ்சதும் அடிப்பக்க நடுப்புள்ளியில் ஒரு முனை, ஓர உலோகத்தில் இன்னொண்ணு. 210 வோல்ட்! பய கப்சிப்.

கே1000-ல் ஃப்ளாஷைத் தட்டி எழுப்பறது வெறும் உலோகத் தொடுப்பு, தாங்கிடும். எலெக்ட்ரானிக் கேமராவில் அது செமிகண்டக்டர் வேலை, பொசுங்கிடலாம்.

அஞ்சாறு வோல்ட் காட்டும் புது ஃப்ளாஷ்னா ரெண்டுக்கும் பயமில்லை. கே1000-ல் ஷட்டர் 1/60-ஐத் தாண்டாதீங்க. படத்தில் ஒரு பக்கம் இருட்டாயிடும். ஃப்ளாஷைப் பிரிச்சு மட்டும் பார்க்காதீங்க மக்களே, உள்ளே இருக்கற கெப்பாசிட்டர் ஆஃப் பண்ணினாலும் அடிக்கும்!